காணாம போன வண்டி நம்பரும் ஸ்ட்ரேஸும்: ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது காசு குடுத்து வாங்கற சாமான் இல்ல. லினக்ஸ்ல ஃப்ரீயா கெடைக்கற ஸ்ட்ரேஸ் (strace) டூல் பத்தின ரிவ்யூ, ஓடற ப்ரோக்ராம் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு வேவு பாக்கற சாமான் அது. ஃப்ரீயா கெடைக்கறதுக்கு எதுக்குயா ரிவ்யூன்னு கேட்டா, ரெண்டு வாரம் தூக்கம் போச்சு, அதுவும் செலவுதான. நேம்டு பைப் (ஒரு ப்ரோக்ராம் எழுதறத இன்னொண்ணு படிக்கற குழாய்) வழியா பேசிக்கற ரெண்டு மூணு ப்ராசஸ்க்கு (ஓடிட்டு இருக்கற ப்ரோக்ராமுக்கு) நடுவுல ரேஸ் கண்டிஷன், அதாவது யாரு முந்தறாங்கங்கறத பொறுத்து ரிசல்ட் மாறற கோளாறு, வந்தா இந்த டூல் எவ்ளோ தூரம் கை குடுக்கும், எங்க காலை வாரும், அதை மட்டும் சொல்றேன். மத்தபடி ஸ்ட்ரேஸ்ல ஆயிரம் வித்தை இருக்கு, அதெல்லாம் நான் தொடல.

மேட்டர் இதுதான். லாரி ஏறி நிக்கற எடைமேடை பாத்திருப்பீங்க. அந்த மாதிரி ஒரு எடத்துல ஓடற சாஃப்ட்வேர் என் தலையில வந்து விழுந்துச்சு, எழுதின ஆளு வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. ஒரு சின்ன லினக்ஸ் பொட்டி, அதுல மூணு ப்ராசஸ். ஒண்ணு சி-ல எழுதினது, சீரியல் போர்ட்ல எடை இண்டிகேட்டர் சொல்றத கேட்டுக்கிட்டே இருக்கும், எடை ஆடாம நின்னதும் ஒரு வரி எழுதும், கூடவே ரிலேவ தட்டி டேக் ரீடர எழுப்பி விடும். ரெண்டாவது அந்த டேக் ரீடர் ஸ்கிரிப்ட், கண்ணாடில ஒட்டியிருக்கற டேக்க படிச்சு வண்டி நம்பர் ஒரு வரியா எழுதும். மூணாவது ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கமாண்டுங்கள வரிசையா எழுதி ஓட்டறது), இந்த ரெண்டு வரியும் வாங்கி ஜோடி சேத்து சீட்டு அடிக்கறதுக்கு அனுப்பும். நடுவுல இருக்கறது ஒரே ஒரு நேம்டு பைப், அதாவது எம்கே-ஃபைஃபோ போட்டு செஞ்சது. பாக்க ஃபைல் மாதிரி இருக்கும், ஃபைல் பட்டியல் காட்டற எல்எஸ் மைனஸ் எல் அடிச்சா மொத எழுத்து பி-னு வரும், ஆனா எழுதறது எதுவும் டிஸ்க்குக்கு போகாது, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) மெமரில வச்சிருக்கற பஃபர்லயே இருந்து படிக்கறவன் கைக்கு போயிடும்.

பிரச்சினை என்னன்னா தினமும் 150 வண்டி ஏறுது, அதுல ஒண்ணோ ரெண்டோ எடை வரும், நம்பர் வராது. எடைமேடை அண்ணன் மத்தியானம் சோறு திங்கற நேரமா பாத்து ஃபோன் போடுவாரு. "தம்பி, எடை வந்துருச்சு, நம்பர் கட்டம் காலியா கெடக்கு, டிரைவர் எறங்கி வந்து கத்துறான்." நான் "அண்ணே, வண்டிய எறக்கி திரும்ப ஏத்த சொல்லுங்க"ம்பேன். ரெண்டாவது தடவ ஒழுங்கா வரும். அப்பவும் நம்பர் வராம போயிருந்தா கூட சந்தோஷமா இருந்திருக்கும், எப்பவும் தலை காட்டற பக்க (ப்ரோக்ராம் கோளாற) புடிக்கறது சுலபம்.

இதுல நான் மொதல்ல சந்தேகப்பட்டது முழு தப்பு. ரெண்டு பேரு ஒரே பைப்ல எழுதறாங்க, அதனால ஒருத்தன் வரிக்குள்ள இன்னொருத்தன் வரி புகுந்துருச்சுன்னு நெனச்சேன். அப்படி நடக்கறது உண்டுதான், ஆனா அது பைப்-பஃப்ங்கற அளவு வரம்ப தாண்டி எழுதினாத்தான். போசிக்ஸ்ங்கற யூனிக்ஸ் ஸ்டாண்டர்டு கொறஞ்சது 512 பைட் வரைக்கும் கேரண்டி குடுக்குது, லினக்ஸ்ல அது 4096. அதுக்குள்ள ஒரே ரைட் கால்ல (எழுதித் தான்னு கெர்னல்கிட்ட ஒரு தடவ கேக்கறது) எழுதினா வரி ஒடையாது. நம்ம வரி மொத்தமே 38 பைட். சும்மாவே ஒரு நாள் போச்சு. அப்புறம் எல்லா பக்கமும் லாக் போட்டேன், டேக் ஸ்கிரிப்ட் எழுதிட்டேங்குது, எரரும் இல்ல, படிக்கறவன் எனக்கு வரவேயில்லங்கறான். ரெண்டு பேரும் சத்தியம் பண்றாங்க. லாக்க வச்சு இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு புரிஞ்சதுக்கு அப்புறம்தான் ஸ்ட்ரேஸ் பக்கம் போனேன்.

இந்த டூல் 1991-ல பால் க்ரானன்பர்க்ங்கறவர் சன் ஓஎஸ்ங்கற பழைய யூனிக்ஸ்க்கு எழுதினது, அப்புறம் லினக்ஸ்க்கு வந்துச்சு, இப்ப ரொம்ப வருஷமா டிமிட்ரி லெவின் பாத்துக்கறாரு. லோகோ ஒரு நெருப்புக்கோழி. ஒரு ப்ராசஸ் கெர்னல்கிட்ட என்னென்ன கேக்குது, கெர்னல் என்ன பதில் சொல்லுது, எல்லாத்தையும் வரி வரியா காட்டும், அவ்ளோதான் இதோட வேலை. சோர்ஸ் கோடு வேணாம், ரீகம்பைல் வேணாம், ஓடிட்டு இருக்கற ப்ராசஸ்ல மைனஸ் பி போட்டு ஒட்டிக்கலாம், மைனஸ் பி-ய மூணு தடவ குடுத்தா மூணு ப்ராசஸும் ஒரே லாக்ல வரும். மைனஸ் ஒய் போட மறந்துடாதீங்க, அது இருந்தாத்தான் 3, 4-னு வெறும் டிஸ்கிரிப்டர் நம்பர் (திறந்த ஃபைலுக்கு கெர்னல் குடுக்கற நம்பர்) வர எடத்துல பைப்போட பாத் தெரியும். மைனஸ் ட்ரிபிள் டி போட்டா மைக்ரோசெகண்ட் வரைக்கும் டைம் வரும்.

மூணுலயும் ஒட்டிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு நம்பர் கூட காணாம போகல! அன்னிக்குன்னு பாத்து எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஸ்ட்ரேஸ எடுத்தேன், அடுத்த அரை மணில ஃபோன் வந்துருச்சு.

ஸ்ட்ரேஸ் மேல எல்லாரும் சொல்ற மொத குத்தம் இதுதான், நானும் சொல்றேன். உள்ள இது பீட்ரேஸ்ங்கற கெர்னல் வசதிய வச்சு ஓடுது, ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும், அதாவது கெர்னல்கிட்ட கேக்கற ஒவ்வொரு வேலைக்கும், ப்ராசஸ உள்ள போகும்போது ஒரு தடவ, வெளிய வரும்போது ஒரு தடவ நிறுத்தி வைக்கும். அதனால ஒட்டின ப்ராசஸ் எல்லாம் மெதுவாயிடும். ரேஸ் கண்டிஷன்ங்கறதே யாரு முந்தறாங்கங்கற பிரச்சினை, ஓடறவங்க எல்லாரு கால்லயும் கல்ல கட்டி விட்டா ரிசல்ட் மாறத்தான செய்யும். 

ரெண்டாவது குத்தம் இன்னும் எரிச்சலானது. லாக்க பாத்தா ரைட் வரில நம்ம மெசேஜ் பாதில அறுந்து புள்ளி புள்ளியா நிக்குது. சரி டேட்டாவே இங்கதான் அறுந்துச்சு போலன்னு ஒரு மணி நேரம் டேக் ஸ்கிரிப்ட நோண்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஸ்ட்ரேஸ் டீஃபால்டா ஸ்ட்ரிங்ல 32 எழுத்துதான் காட்டும், மிச்சத்த முழுங்கிடும். நம்ம வரி 38. அந்த கடைசி 6 எழுத்துலதான் நம்பரே இருக்கு. மைனஸ் எஸ் 200-னு குடுத்தா சரியாயிடும், மேனுவல்லயும் எழுதியிருக்கு, படிக்காதது என் தப்புதான், இருந்தாலும் 32 எல்லாம் ஒரு டீஃபால்டாங்க.

அடுத்த நாள் மூணுலயும் ஒட்டாம படிக்கற பாஷ் ஸ்கிரிப்ட்ல மட்டும் ஒட்டினேன், சும்மா ஒரு இதுக்கு. அன்னிக்கு காலையிலயே ஏழெட்டு நம்பர் காலி! பக்கு மறையறது போயி பெருசாயிடுச்சு. அண்ணன் ஃபோன்ல திட்டினாரு, எனக்கு உள்ளுக்குள்ள குஷி.

லாக்ல தெரிஞ்சத அப்படியே சொல்றேன், ஏன்னா இந்த தப்பு இன்னும் நெறைய ஸ்கிரிப்ட்ல இருக்கு. அந்த பாஷ் ஸ்கிரிப்ட் ஒரு வயில் லூப், உள்ள ரீட் கமாண்டுக்கு நேரா பைப்ப ரீடைரக்ட் பண்ணியிருக்கு. அதாவது ஒவ்வொரு வரிக்கும் பைப்ப திறக்குது, ஒரு வரி படிக்குது, மூடுது, திரும்ப திறக்குது. ஸ்ட்ரேஸ்ல பாத்தா திறக்கற காலான ஓப்பன்அட் வரில அப்படியே நிக்கும், எழுதறவன் யாராவது அந்த பக்கம் திறந்தாத்தான் திரும்பி வரும். எடை ப்ரோக்ராம் திறந்ததும் இதுவும் திறந்துக்கும். அப்புறம் ஒரு எல்சீக் (ஃபைலுக்குள்ள முன்ன பின்ன நகர்ற கால்) போயி ஈஎஸ்பைப் எரர் வாங்கிட்டு வரும், அது பயப்படற எரர் இல்ல, இது பைப்பா ஃபைலான்னு பாஷ் தடவி பாக்குது. பைப்புன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு பைட்டா படிக்கும். ஆமாங்க, ஒரே ஒரு பைட். மொத்தமா படிச்சா அடுத்த வரியவும் சேத்து அள்ளிடும், திருப்பி உள்ள வைக்க பைப்ல வழியில்ல, அதனால நியூலைன் வர வரைக்கும் எறும்பு மாதிரி ஒண்ணு ஒண்ணா. 38 ரீட் கால் வரிசையா லாக்ல எறங்கும்.

இந்த 38 ரீட் ஓடிட்டு இருக்கும்போது டேக் ஸ்கிரிப்ட் வந்து பைப்ப திறக்குது. படிக்கற ஆளு ஏற்கனவே இருக்கறதால கதவு உடனே திறந்துடுது. எழுதுது, 38-னு பதில் வருது, அதாவது சக்சஸ். மூடிட்டு போயிடுது. எடை ப்ரோக்ராமும் அதுக்கு முன்னாடியே மூடிட்டு போயாச்சு. இப்ப நம்ம பாஷ் மொத வரி முடிஞ்சதும் பைப்ப மூடுது. எழுதறவனும் இல்ல, படிக்கறவனும் இல்ல. கடைசி ஆளு மூடின அந்த நொடி கெர்னல் அந்த பஃபர அப்படியே தூக்கி போட்டுடும், அதுக்குள்ள வண்டி நம்பர் இருந்தாலும் சரி. யாருக்கும் எரர் கெடையாது, படிக்க ஆளில்லன்னு வர சிக்பைப் சிக்னல் கெடையாது, ஒண்ணும் கெடையாது. பைப்போட பேரு மட்டும்தான் டிஸ்க்ல இருக்கு, உள்ள இருக்கற சரக்கு யாராவது திறந்து வச்சிருக்கற வரைக்கும்தான்.

இதுல ஒரு சின்ன கண்ணாமூச்சி இருக்கு. லாக்ல அந்த பைப்ப மூடற க்ளோஸ் வரிய தேடினா கெடைக்காது. பாஷ் பழைய ஸ்டாண்டர்டு இன்புட்ட 10-ஆம் நம்பர்ல ஒளிச்சு வச்சிருக்கும், ரீட் முடிஞ்சதும் டூப்2 (ஒரு நம்பர இன்னொரு நம்பருக்கு காப்பி பண்ற கால்) போட்டு அத திரும்ப 0-க்கு கொண்டு வரும், அந்த டூப்2 தான் சத்தமில்லாம பைப்ப மூடுது. மைனஸ் ஒய் போட்டிருந்ததால 0-க்கு பக்கத்துல பைப் பேரு தெரிஞ்சுது, இல்லன்னா இத நான் புடிச்சிருக்கவே மாட்டேன். இந்த ஒரு வரிக்கே ஸ்ட்ரேஸ்க்கு மூணு ஸ்டார் குடுப்பேன்.

எப்பவும் எடை வருது நம்பர்தான் காணாம போகுதுங்கறதுக்கும் இதான் காரணம், ரெண்டாவதா வரவன்தான் மாட்டுவான். சாதாரணமா பாஷ் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள படிச்சு மூடிடும், டேக் வரதுக்குள்ள அடுத்த சுத்துக்கு போயிடும். மத்தியானம் ரிப்போர்ட் ஓடி சிபியூ முட்டும்போது பாஷ்க்கு முறை வர லேட்டாகும், அப்ப டேக் உள்ள புகுந்துடும். மூணுலயும் ஸ்ட்ரேஸ் ஒட்டினப்ப டேக் ஸ்கிரிப்டும் மெதுவாயிடுச்சு, அதான் பக்கு ஒளிஞ்சுக்கிச்சு. ரீடர்ல, அதாவது பைப்ப படிக்கற பாஷ் ஸ்கிரிப்ட்ல, மட்டும் ஒட்டினப்ப அந்த 38 ரீட்டும் இழுத்துக்கிட்டு போச்சு, வாசல் அகலமாயிடுச்சு.

அங்கதான் எனக்கு புத்தி வந்துச்சு. எது குத்தமோ அதையே ஆயுதமா யூஸ் பண்ணலாம். ஸ்ட்ரேஸ் 4.22-ல இருந்து இன்ஜெக்ட் ஆப்ஷன்ல டிலே (வேணும்னே தாமதம்) குடுக்க முடியும், எந்த சிஸ்டம் கால், எவ்ளோ மைக்ரோசெகண்ட், உள்ள போறதுக்கு முன்னாடியா வெளிய வந்ததுக்கு அப்புறமா, எல்லாம் நம்ம இஷ்டம். ஆபீஸ் பொட்டில சிமுலேட்டர் வச்சு, ரீடரோட ரீட் கால்ல மட்டும் டிலே-என்டர் 50000 குடுத்தேன். ஒரு பைட்டுக்கு 50 மில்லிசெகண்ட், 38 பைட்டுக்கு 1.9 செகண்ட். மைக்ரோசெகண்ட் சந்து பஸ் போற ரோடு ஆயிடுச்சு. பத்து வண்டி ஓட்டினா பத்துக்கும் நம்பர் காணோம். நாளெல்லாம் ஃபோனுக்கு காத்திருந்த பக்கு இப்ப கூப்ட்ட உடனே வருது. ரேஸ் கண்டிஷன் டிபக் பண்ணவங்களுக்கு தெரியும், கூப்ட்டா வர பக்கு பாதி சரியான மாதிரி.

ஃபிக்ஸ் ரெண்டு வரிதான். ஸ்கிரிப்டோட தலையில ஒரே தடவ பைப்ப ரீட்-ரைட் மோடுல திறந்து 3-ஆம் நம்பர் டிஸ்கிரிப்டர்ல வச்சுட்டு, லூப்புக்குள்ள ரீட்ட அந்த 3-ல இருந்து படிக்க சொல்லிட்டேன். இப்ப ரீடர் உயிரோட இருக்கற வரைக்கும் பைப் மூடவே மூடாது, சரக்கு பத்திரமா இருக்கும், எழுதறவன் போயிட்டாலும் ஃபைல் முடிஞ்சுதுன்னு சிக்னல் வராது. போசிக்ஸ் கணக்குல ஃபைஃபோவ ரீட்-ரைட்டா திறந்தா என்ன ஆகும்ங்கறது சொல்லப்படாத விஷயம், லினக்ஸ்ல நடக்கும், வேற யூனிக்ஸ்க்கு எடுத்துட்டு போறவங்க பாத்துக்கோங்க. ரீடர் எங்கயாவது மாட்டிக்கிட்டா பைப் 65,536 பைட் வரைக்கும் தாங்கும், 38 பைட் வரின்னா சுமார் 1,700 வரி, எனக்கு அது பல நாள் கணக்கு. அதே 50000 டிலேய வச்சுக்கிட்டே 500 வண்டி ஓட்டினேன், அரை மணிக்கு மேல ஆச்சு, ஒண்ணு கூட விட்டுப் போகல. எடைமேடைல போட்ட அன்னிக்கு மத்தியானம் ஃபோன் வரல, நானே போட்டு கேட்டேன். "என்ன தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு, எதுக்கு கூப்ட்ட"ங்கறாரு.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு, அதுக்கும் ஸ்ட்ரேஸ்தான் உதவுச்சு. கரண்ட் போயி வந்து பொட்டி ரீபூட் ஆச்சு, உடனே பிரிண்டர் ஒரே வண்டி நம்பர திரும்ப திரும்ப அடிச்சு ரோல் தீர வரைக்கும் நிக்கல. இது இன்னும் பழைய ஸ்கிரிப்ட் ஓடிட்டு இருந்த இன்னொரு எடைமேடைல. பைப் இருந்தது ரன் டைரக்டரில, அது டிஎம்பி-எஃப்எஸ், அதாவது மெமரில இருக்கற டைரக்டரி, ரீபூட் ஆனா எல்லாம் காலி. ரீடர் வந்து எம்கே-ஃபைஃபோ போடறதுக்கு முன்னாடி டேக் ஸ்கிரிப்ட் முந்திக்கிச்சு. ஷெல்ல கிரேட்டர் தேன் போட்டு எழுதினா உள்ள ஓ-க்ரியேட் ஃப்ளாகோட போகும், ஸ்ட்ரேஸ்ல பச்சையா தெரியும், அந்த பேர்ல ஒண்ணும் இல்லன்னா சாதா ஃபைல் ஒண்ண செஞ்சு எழுதிட்டு போயிடும். பின்னாடி வந்த எம்கே-ஃபைஃபோ ஃபைல் ஏற்கனவே இருக்குன்னு எரர் குடுத்துச்சு, அத யாரும் கண்டுக்கல, ரீடர் ஒவ்வொரு சுத்துலயும் அந்த ஃபைல திறந்து மொத வரிய படிச்சு சீட்டு அடிச்சு மூடி திரும்ப திறந்து... எல்எஸ் மைனஸ் எல் அடிச்சா மொத எழுத்து பி-க்கு பதிலா வெறும் கோடு. இப்ப பைப் செய்யற வேலைய, பூட்ட பாத்துக்கற சிஸ்டம்டி-யோட டிஎம்பி-ஃபைல்ஸ் கான்ஃபிக்ல குடுத்துட்டேன், பூட் ஆகும்போதே, நம்ம சர்வீஸ் எதுவும் எழும்பறதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சுடுது.

மத்த டூல்லாம் பாக்கலியான்னா பாத்தேன். த்ரெட் சானிடைசர், ஹெல்க்ரைண்ட் ரெண்டும் ஒரே ப்ராசஸ்க்குள்ள த்ரெட்டுங்க (ஒரே நேரத்துல ஓடற கிளைங்க) மெமரில முட்டிக்கறத பாக்கறது, தனித்தனி ப்ராசஸ் பைப்ல சண்டை போட்டா அதுக்கு கண்ணே தெரியாது. மோசில்லால பொறந்த ஆர்ஆர் செம சாமான், ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணிட்டா அதே ஓட்டத்த எத்தன தடவ வேணா ரீப்ளே பண்ணி பின்னாடி கூட போலாம், கேயாஸ் மோடுனு ஒண்ணு இருக்கு, வேணும்னே ஷெட்யூலிங்க கலைச்சு விட்டு ரேஸ வெளிய இழுக்கும். ஆனா அதுக்கு சிபியூவோட பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் வேணும், விர்ச்சுவல் மெஷின்ல பல எடத்துல ஓடாது, ஏற்கனவே ஓடற ப்ராசஸ்ல போயி ஒட்டிக்கவும் முடியாது. எல்லாத்துக்கும் மேல நம்ம கேஸ் பாஷ் ஸ்கிரிப்ட், ரீப்ளேல பாஷோட சி சோர்ஸ்ல ஸ்டெப் ஸ்டெப்பா நடந்து நான் என்ன பண்ண. பெரிய சி ப்ரோக்ராம்னா ஆர்ஆர் எடுங்க. பிபிஎஃப்ட்ரேஸ்னு இன்னொரு டூல், அது ஸ்ட்ரேஸ் அளவுக்கு ப்ராசஸ மெதுவாக்காது, ப்ரொடக்ஷன்ல வேடிக்கை பாக்க அது நல்லது, நம்ம பொட்டில இருந்த பழைய கெர்னலுக்கு ஒத்துக்கல.

இன்னும் ரெண்டு நச்சு. உபுண்டுல சாதா யூசரா இருந்துட்டு ஓடற ப்ராசஸ்ல ஒட்டப் பாத்தா பர்மிஷன் இல்லன்னு துரத்தும், யாமாங்கற பாதுகாப்பு வசதியோட பீட்ரேஸ் ஸ்கோப் செட்டிங் 1-ல இருக்கும், சூடோ போட்டுக்கோங்க. ஜிடிபிங்கற டிபக்கர் ஏற்கனவே ஒட்டியிருந்தா ஸ்ட்ரேஸ் ஒட்டாது, ஒரு ப்ராசஸ்க்கு ஒரு ட்ரேசர்தான். பெரிய லாக்க மைனஸ் டபுள் எஃப் போட்டு ப்ராசஸ் வாரியா பிரிச்சு எழுதி, கூடவே வர லாக்-மெர்ஜ் ஸ்கிரிப்ட்ல டைம் படி சேத்துக்கலாம், ஆனா அந்த டைம் ஸ்ட்ரேஸ் பாத்த நேரம், கெர்னல் உள்ள நடந்த நேரம் இல்ல, மைக்ரோசெகண்ட் வித்தியாசத்த வச்சு இவன்தான் முந்தினான்னு தீர்ப்பு சொல்லிடாதீங்க.

ஸ்டார் குடுக்கணும்னா 5-க்கு 4.5. அரை ஸ்டார் கொறைச்சது அந்த 32 எழுத்துக்கு, மெதுவாக்கறதுக்கு கொறைக்கல. போட்டுப் பாக்கறவங்க மொதல்ல வெர்ஷன் பாத்துக்கோங்க, ஃபேக்டரி பக்கம் இருக்கற பழைய பொட்டில 4.22-க்கு கீழ இருந்தா டிலே ஆப்ஷன் வராது, நான் அங்க ஒரு மணி நேரம் ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டு இருந்தேன்.